ஒரு கொத்து அரிசியிலிருந்து ஒரு தட்டுச் சோறு வரை



கூப்பன் புத்தகத்தைக் கையில் வைத்துக் கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில் நின்றவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு மூத்தம்மா இருந்தால் கேட்டுப் பாருங்கள். "ஒரு கொத்து சும்மா, ஒரு கொத்து காசுக்கு" என்று கணக்கை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வார்.

இந்தப் பதிவு அந்தக் கணக்கைப் பற்றியது. பாடசாலைப் போசாக்கு உணவைப் பற்றி ஊரில் இப்போது நிறையப் பேச்சு நடக்கிறது. "அது ஏழைப் பிள்ளைகளுக்குக் குடுக்கிற சோறு, எங்கட பிள்ளைக்கு என்னத்துக்கு" என்பவர்களும் உண்டு. "அரசாங்கம் தாற காசுக்கு இதுக்கு மேல என்னத்தச் சமைக்கிற" என்பவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஏறத்தாழ எண்பது வருடங்களாக நாம் இதே இரண்டு கேள்விகளைத்தான் வேறு வேறு பெயர்களில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பழைய கதையைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது என்பதால் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1934 இன் கடைசியில் தொடங்கி 1935 வரை மலேரியா இந்த நாட்டை வாரிக்கொண்டு போனது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மழை பொய்த்து, பயிர் அழிந்து, பட்டினியில் கிடந்த ஊர்களில்தான் காய்ச்சல் ஆளைத் தின்றது. அப்போது நிவாரண வேலைக்குப் போன சூரியமல் இயக்கத்து இளைஞர்களுக்குக் கண்ணெதிரே ஒன்று விளங்கியது. கொயினா மட்டும் கொடுத்து ஆளைக் காப்பாற்ற முடியாது, உடம்பில் ஏதாவது இருந்தால்தானே மருந்து வேலை செய்யும். மார்மைட்டை உருண்டையாக உருட்டி வீடு வீடாகக் கொடுத்தார்கள். வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா போன்றவர்கள் அரசியலில் வேரூன்றியதும் அந்த வேலையினால்தான். நோய்க்குப் பின்னால் பசி நிற்கிறது என்பதை நாடு பகிரங்கமாகப் பேசத் தொடங்கியது அப்போது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1931 இல் இந்த நாட்டில் வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்துவிட்டது. பசித்தவன் கையில் வாக்கு இருந்தது. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இது முக்கியம்.

1942. இரண்டாம் உலகப் போர். அந்தக் காலத்தில் நாம் உண்ட அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது, அதிலும் பெரும்பகுதி பர்மாவிலிருந்து. மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும் 9 ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரிசிக் கப்பல் நின்றது. அந்த வருடம்தான் அரிசிப் பங்கீடு வந்தது. பணக்காரன், ஏழை, சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பேதமில்லாமல் ஆளுக்கொரு அட்டை. ஒரு கொத்து என்பது ஏறத்தாழ இரண்டு இறாத்தல். கோதுமை மாவும் பாணும் கிராமத்துச் சமையலறைக்குள் பெருமளவில் நுழைந்ததும் அந்தத் தட்டுப்பாட்டில்தான்.

நமது பிரதேசத்துக்கு அந்த வருடத்தில் ஒரு சொந்தக் கதையும் உண்டு. இலங்கை சிவில் சேவையின் முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ், உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக 1942 இல் அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். காடு வெட்டி வயலாக்க மக்களை ஊக்கப்படுத்தினார். வந்த இடத்தில் பசியையும் பார்த்தார், படிப்பில்லாமையையும் பார்த்தார். அதே வருடம் கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தை ஆரம்பித்தார். கொழும்பு ஸாஹிராவின் அதிபராக அவரை நாம் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் நெல்லுக்காக வந்த மனிதர் அவர் என்பதை நாங்கள் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள்.

போர் முடிந்தது, பங்கீடு முடியவில்லை. மானிய விலை அரிசி தொடர்ந்தது. அதோடு சேர்ந்து 1945 இல் இலவசக் கல்வி, பாடசாலையில் பகலுணவு, கிராமத்துக்குக் கிராமம் மருத்துவிச்சி, மலேரியாவுக்கு டி.டி.ரி. 1926 இல் களுத்துறையில் ஒரேயொரு சுகாதாரப் பிரிவாகத் தொடங்கிய முறைதான் இன்று எம்.ஓ.எச். அலுவலகம் என்று நாம் சொல்வது. பலன் என்ன? 1946 இல் பிறந்த 1,000 பிள்ளைகளில் 141 பேர் ஒரு வயதுக்கு முன் இறந்தார்கள். 1953 இல் அது 71. ஏழு வருடத்தில் பாதி! இதில் அரிசிக்கு எவ்வளவு பங்கு, டி.டி.ரிக்கு எவ்வளவு பங்கு என்று பொருளியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அமர்த்தியா சென் போன்றவர்கள் ஏழை நாடொன்று எப்படித் தன் மக்களைக் காக்கலாம் என்பதற்கு இலங்கையை உதாரணம் காட்டியது இந்தக் காலத்தை வைத்துத்தான். எங்களுக்குத் தோன்றுவது, இவை தனித்தனியாக வேலை செய்யவில்லை என்பதே. மருத்துவிச்சி கதவைத் தட்டும்போது வீட்டில் அரிசியும் இருந்தது.

ஆனால் திறைசேரிக்கு இது சுமை. கொரிய யுத்தம் முடியும் தறுவாயில் இறப்பர் விலை விழுந்தது, உலக அரிசி விலை ஏறியது. மானியத்தைக் குறைக்கச் சொல்லி உலக வங்கிக் குழுவும் எழுதியிருந்தது. 1952 இன் கடைசியில் சீனாவோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தும் பணம் போதவில்லை. 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன கொண்டுவந்த வரவு செலவுத் திட்டத்தில், ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. பாடசாலைப் பிள்ளையின் இலவசப் பகலுணவும் நிறுத்தப்பட்டது.

இந்த இரண்டாவதை வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. ஆசிரியர்களாக நாங்கள் தாண்டுவதில்லை. வெட்ட வேண்டி வந்தபோது பெரியவரின் அரிசியோடு சேர்த்துப் பிள்ளையின் பனிசிலும் கை வைத்தார்கள். பனிசுக்காகக் கோஷம் போட ஆறு வயதுப் பிள்ளைக்கு வாக்கில்லை.

அரிசிக்காகக் கோஷம் போட ஆளிருந்தது. 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால். இடதுசாரிக் கட்சிகள் அழைத்தன, நாடு நின்றது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, பொலிஸ் சுட்டது, உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டுப் போனார். அரிசியின் விலையும் பிறகு இறங்கியது.

அதன் பின் இருபது வருடமாக அரிசியைத் தொட்ட அரசியல்வாதி சுட்டுக்கொண்டான். 1962 இல் பங்கீட்டைக் குறைக்கப் பார்த்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க அந்தப் பதவியை விட்டார். 1966 இல் டட்லி இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்து, அந்த ஒன்றை இலவசமாக்கினார். 1970 தேர்தலில் சிறிமாவோ அம்மையார் இரண்டாவது கொத்தையும் தருவதாகச் சொல்லி வென்றார். சந்திரனிலிருந்தாவது கொண்டு வருவோம் என்று மேடையில் சொல்லப்பட்ட கதையை இன்றும் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஒரு கொத்து இலவசம், மற்றது 75 சதம். மூத்தம்மாவின் கணக்கு இதுதான்.

சந்திரனும் உதவவில்லை. 1973 இல் எண்ணெய் விலை, தானிய விலை எல்லாம் ஏறின. பாணுக்கு விடியமுன் வரிசை. மரவள்ளிக் கிழங்கில் நாள் போனது. 1974 இல் நாட்டின் மரண வீதமே உயர்ந்தது, அதிலும் மலையகத் தோட்டங்களில் மிக மோசம். காணி இல்லை, தோட்டம் தரும் நாட்கூலியைத் தவிர வேறு வழியில்லை, அந்த மக்களில் பெரும்பாலானோருக்கு வாக்கும் இல்லை. 1931 ஐப் பற்றி மேலே சொன்னோமே, அதன் மறுபக்கம் இது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்காக எந்த அமைச்சரும் பதவி இழக்கவில்லை.

இந்தக் கஷ்ட காலத்திலேயே ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1973 இல் கெயார் நிறுவனத்தின் உதவியோடு திரிபோஷா வந்தது. சோளம், சோயா, பால்மா, விற்றமின்கள். மூன்று போசாக்கு என்பதுதான் பெயரின் பொருள். முதலில் அமெரிக்காவிலிருந்து வந்த மா, பிறகு ஜா-எலப் பக்கத்தில் நம் நாட்டிலேயே அரைக்கத் தொடங்கினார்கள். கர்ப்பிணித் தாய்க்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், நிறை குறைந்த பிள்ளைக்கும் மாதம் இரண்டு பக்கெற். கிளினிக்கிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் அது குடும்பத்துக்கே பலகாரமாகிவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். நெய்யும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் வாப்பாவும் இரண்டு எடுப்பார். பிள்ளைக்கென்று எடைபோட்டுக் கொடுத்ததை வீடு முழுக்கப் பங்கிட்டால் பிள்ளையின் அட்டையில் கோடு எப்படி மேலே போகும்?

இப்போதுதான் கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

1977 இல் ஆட்சி மாறியது. நிதியமைச்சராக அரிசியைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட அதே ஜே.ஆர். இப்போது நாட்டின் தலைவர். 24 வருடத்துக்கு முந்திய பாடம் அவருக்கு மறந்திருக்காது. இந்த முறை விலையை ஒரே இரவில் ஏற்றவில்லை. 1978 இல் பங்கீட்டை மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 1979 செப்டெம்பரில் அரிசியை எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தார்கள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 25 ரூபா, எட்டு முதல் பன்னிரண்டு வரை 20 ரூபா, அதற்கு மேல் 15 ரூபா. சனத்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கிடைத்தது. ஆரம்பத்தில் பெறுமதி மோசமில்லை.

பிறகு எதையும் வெட்டவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். அரிசி ஏறியது, மா ஏறியது, சீனி ஏறியது, முத்திரையில் அச்சடித்த இலக்கம் மட்டும் அசையவில்லை. சில வருடங்களில் அதன் வாங்கும் பெறுமதி பாதியாகத் தேய்ந்தது. நாட்டின் கீழ்மட்ட ஐந்திலொரு பங்கு மக்கள் உண்ட கலோரி அளவு 1978/79 க்கும் 1981/82 க்கும் இடையில் குறைந்ததாகப் பிற்கால ஆய்வு காட்டியது. நாட்டின் பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருந்த வருடங்கள் அவை!

ஹர்த்தால் இல்லை. தண்டவாளத்தில் கை வைத்தவர் இல்லை. அமைச்சர் எவரும் போகவில்லை. விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினால் ஊர் திரளும். 25 ரூபாவை 25 ரூபாவாகவே வைத்திருந்தால் எதற்கு எதிராகத் திரள்வது? இன்னொன்று, எல்லோருக்கும் கிடைத்தபோது சத்தம் போடத் தெரிந்தவனும் வரிசையில் நின்றான். ஏழைக்கு மட்டும் என்று ஆனதும் அவன் வரிசையை விட்டுப் போய்விட்டான். மிச்சம் நின்றவர்களின் குரல் பிரதேச செயலகத்தின் வாசலைத் தாண்டவில்லை.

"யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் கொடுத்தால் போதாதா, ஸேர்?" என்று படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, பணம் அளவோடுதான் இருக்கிறது. ஆனால் நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள். அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் வாளியோடு நிற்கும் பிள்ளைகளில் டொக்டர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும், தோணிக்காரர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும். எது யார் வாளி என்று தெரியாது. எல்லோர் வீட்டுக்கும் போவதால் கஞ்சி தண்ணியாக இருந்தால் மறுநாளே நிர்வாகத்திடம் கேள்வி வரும். ஏழைகளுக்கு மட்டும் கஞ்சி என்று ஒரு அறிவித்தல் போட்டுப் பாருங்கள். மூன்றாம் நாள் தேவையானவரே வரமாட்டார், கஞ்சியிலும் இறைச்சி இருக்காது.

தேய்வதற்கு விடும் இந்த வழக்கம் முத்திரையோடு நிற்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வந்து இறங்கிய நம் சகோதரர்களைக் கேளுங்கள். உலர் உணவு நிவாரணம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ், அது உயிரைக் காத்தது. ஆனால் ஓலைக் குடிலில் பிறந்த பிள்ளை பாடசாலைக்குப் போகும் வயதுக்கு வந்தும் நிவாரணத்தின் பெறுமதி விலைவாசியோடு நடக்கவில்லை. 1989 இன் ஜனசவிய, மாதம் 2,500 ரூபா வீதம் இரண்டு வருடம் என்று பெரிய எண்ணத்தோடு வந்தது. 1995 இல் சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும. பெயரும் நிறமும் ஒவ்வோர் ஆட்சிக்கும் மாறும். பட்டியலில் யார், தொகை எவ்வளவு என்ற சண்டை மாறாது. பாடசாலைப் பகலுணவும் 1989 இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று திரும்ப வந்து, சில வருடங்களில் கரைந்து போய், பிறகு தெரிவுசெய்த பாடசாலைகள், தெரிவுசெய்த வகுப்புகள் என்று விட்டு விட்டு நடந்தது.

இத்தனைக்குப் பிறகு நாம் எங்கே நிற்கிறோம்? எழுபதுகளின் நடுவில் செய்த கணக்கெடுப்பில் சிறு பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லை. 2016 இல் அது 17 வீதம். இது சிறிய வெற்றியல்ல, பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்டால் தெரியும். ஆனால் 2006/07 கணக்கெடுப்பிலும் அதே 17 வீதம்தான். பத்து வருடம் அந்த இடத்திலேயே நின்றோம். நுவரெலியா மாவட்டத்தில் 2016 இலும் 32 வீதம். 1974 இன் தோட்டத்துக் கதை முடியவில்லை என்று அர்த்தம். உயரத்துக்கேற்ற நிறையில்லாத பிள்ளைகள் இரண்டு கணக்கெடுப்பிலும் 15 வீதம், கிட்டத்தட்ட ஏழுக்கு ஒரு பிள்ளை.

இலவச மருத்துவமனையும் மருத்துவிச்சியும் உள்ள நாட்டில் இது ஏன் இறங்கவில்லை என்பதற்கு ஒரு பகுதிப் பதில் நம் தட்டில் இருக்கிறது. அரிசி வயிற்றை நிரப்பும். தசையையும் இரத்தத்தையும் அது தனியாகக் கட்டாது. ஏறத்தாழ ஆறில் ஒரு பிள்ளை 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறக்கிறது. அதாவது மந்தபோசணை பிள்ளைக்கு முன் தாயிடம், தாய்க்கு முன் நம் வகுப்பில் இருக்கும் பெண் பிள்ளையிடம் தொடங்குகிறது. காலையில் பிளேன்டீயும் பாணும், இடைவேளையில் ஒரு பக்கெற் பிஸ்கட். சோற்றுக்குப் பிறகு உடனே தேயிலை குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு சரியாக எடுப்பதில்லை. இதை மிட்வைஃப் மிஸ் ஒவ்வொரு கிளினிக்கிலும் சொல்கிறார். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு நெத்தலியைக் கோழிக்குப் போடுகிறோம் என்பது எங்கள் தனிப்பட்ட ஆத்திரம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிறகு 2022 வந்தது. அதை எழுதத் தேவையில்லை, எல்லோரும் வாழ்ந்தோம். செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. சோளம் இல்லாமலும், இருந்த சோளத்தில் பூஞ்சண நச்சு என்ற சர்ச்சையாலும் திரிபோஷா மிகத் தேவையான வருடத்திலேயே தடுமாறியது. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்ததை நாடு முழுக்க ஆசிரியர்கள் பார்த்தோம். சீன அரிசியும் அமெரிக்கப் பருப்பும் பாடசாலைகளுக்கு வந்தன. சோறு போட்ட நாட்களில் வரவு ஏறியதை இடாப்பு வைத்திருந்த எவரும் மறக்கமாட்டோம். 2024 இல் போசாக்கு உணவு ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அனைவருக்கும் என்று விரிக்கப்பட்டது. ஏழைப் பிள்ளைக்கு மட்டுமல்ல, அனைவருக்கும். 1942 க்குப் பிறகு நாம் பலமுறை வந்து பலமுறை விட்டுப்போன இடம் இது.

ஆகவே "எங்கட பிள்ளைக்கு என்னத்துக்கு" என்று கேட்கும் பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள்: உங்கள் பிள்ளையும் அந்தச் சோற்றை உண்ணட்டும். வீட்டில் வசதியில்லாத பிள்ளைக்கு அதனால் வெட்கம் போகும் என்பது ஒன்று. பருப்பு தண்ணியாக இருந்தால் அதிபரிடம் வந்து கேட்க உங்களைப் போன்றவர்கள் இருப்பீர்கள் என்பது மற்றது.

இன்னொரு பக்கம், சமைக்கும் தாய்மார். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று சுற்றுநிருபத்தில் ஒரு தொகை இருக்கிறது. அதற்குள் அரிசி, பருப்பு, தேங்காய், கீரை, முட்டை அல்லது நெத்தலி, விறகு, அவர்களுடைய உழைப்பு எல்லாம் அடங்க வேண்டும். பணம் கைக்கு வருவதோ பிந்தித்தான். அந்தத் தொகை குறைந்துவிட்டதாக எவரும் அறிவிக்கமாட்டார்கள். தேங்காய் விலை ஏறும்போது முதலில் முட்டை பாதியாகும், பிறகு கீரை போகும், கடைசியில் வெள்ளைச் சோறும் பருப்புத் தண்ணியும் மிஞ்சும். கணக்கில் மட்டும் "உணவு வழங்கப்பட்டது" என்றே இருக்கும்.

அதனால் ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறோம். சமைக்கும் தாய்மாரிடம் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அவர்கள் வாங்கும் பத்துப் பொருட்களின் விலையை, கடைச் சிட்டையோடு அதில் எழுதுகிறார்கள். பக்கத்தில் சுற்றுநிருபத் தொகை. மூன்று மாதப் பக்கங்களைப் பிரதி எடுத்து வலயக் கல்வி அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத்தோடு அனுப்பப் போகிறோம். அடுத்த ஊர்ப் பாடசாலைகளும் இதேபோல் எழுதினால் கடிதத்துக்குக் கனம் கூடும். கொப்பியின் மாதிரிப் பக்கம் வேண்டியவர்கள் கீழே சொல்லுங்கள். பேரீச்சம்பழம், முட்டை என்று ஏதாவது பொறுப்பெடுக்க விரும்பும் ஜமாஅத் நிர்வாகங்களும் வியாபாரிகளும் அதிபரைச் சந்திக்கலாம். தேங்காய் தர மூன்று வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள்.